எதிர்க்காற்று

சகாயமேரி விளக்கமாற்றோடு வந்து நின்றாள்.

அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. கூடத்துத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தரை முழுக்க முகப்பவுடர். அம்மாவோடு ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் பேத்தி ஆரணி டப்பாவைக் கவிழ்த்து, அதன்மேலேயே ஓடியிருந்தாள்.

வாசல்வரைக்கும் சின்னச் சின்னப் பாதங்கள்.

"அக்கா போய்ச் சேந்தாச்சா சார்? பெருக்கிரட்டுமா?"

ஊருக்குக் கிளம்பியவர்கள் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக்கூடாது. அவர் மனைவி கறாராகக் கடைப்பிடித்த வழக்கம். அவள் இறந்த பிறகு அவர் பிடித்துக்கொண்டார். காலமெல்லாம் நிலம் அளந்த சர்வேயருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.

ஆனால் பிடித்திருந்தது.

மகள் யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டவள். முன்பெல்லாம் திருச்சியிலிருந்து ரயிலில் சென்னை, அங்கிருந்து விமானத்தில் கொழும்பு, பிறகு விடிய விடிய பஸ். வீடு சேர இரண்டு நாள் ஆகும்.

அந்த இரண்டு நாளும் இங்கே எல்லாம் அப்படியே கிடக்கும். கசங்கிய தலையணை. பாதி கடித்த பிஸ்கட். சீப்பில் சுற்றிய முடி. அவர் ஒன்றையும் தொடமாட்டார். இருவரும் பக்கத்து அறையில் தூங்குவதாக வைத்துக்கொள்வார்.

இந்த முறை திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கே நேர் விமானம்.

வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தார். நூற்றெண்பது கிலோமீட்டர் சொச்சம். சென்னையைவிடப் பக்கம். ஒரு மணி நேரம்தான் என்று பத்து நாளாகத் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார். ஒற்றைப் பெண்ணைக் கடல் தாண்டிக் கொடுத்துவிட்டாரே என்று உச்சுக்கொட்டியவர்களை வீடு தேடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

சொன்னபடியே ஆயிற்று.

விமானம் மேலே ஏறி மறையும்வரை நின்றார். ஒரு டீ குடித்தார். டவுன்பஸ் பிடித்து, சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, உறையூர் பஸ்ஸுக்கு நிற்கும்போதே மகளிடமிருந்து செய்தி வந்துவிட்டது. இறங்கிவிட்டோம் அப்பா.

அவரே இன்னும் வீடு சேரவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய மனிதர், வந்த உறையூர் பஸ்ஸில் ஏறாமல் விட்டுவிட்டு அடுத்ததற்கு நின்றார்.

"என்ன சார், பெருக்கவா?"

"இன்னும் போய்ச் சேரலம்மா."

"ஒரு மணி நேரந்தான்னு சொன்னீங்க? மணி நாலாச்சே."

வாழ்நாளில் ஓர் அங்குலம் கூட்டிக் குறைத்துச் சொல்லாத மனிதர் கூரையைப் பார்த்தார்.

"எதிர்க்காத்தாம்."

அந்த நேரம் பார்த்தா கைபேசி அடிக்க வேண்டும்? எடுத்தார். திரை முழுக்க ஆரணியின் முகம். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"அம்மப்பா! நாங்கள் எப்பவோ வீட்ட வந்திட்டம்!"

கூடம் முழுக்கக் கேட்டது.

பேசி முடித்துவிட்டு, கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். சகாயமேரியின் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் தரையிலிருந்த பாதங்களைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"புள்ள வெளையாட்டுக்குச் சொல்லுது சார். அடிக்கிற காத்துக்கு நாளைக்குத்தான் போய்ச் சேரும்."

விளக்கமாற்றை மூலையில் சாத்தினாள்.

சுவரோரமாகவே ஒதுங்கி ஒதுங்கி, ஒரு பாதத்தையும் மிதிக்காமல், வாசலுக்குப் போனாள்.