பாதி இலை

தட்டிக் கதவு படாரென்று திறந்தது. ஒரு பெண் உள்ளே ஓடிவந்ததைக் கண்டதும் கள்ளுக்கடையில் பாதிப் பேர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

"யாரு பொண்டாட்டிப்பா இது?" என்று ஒருவன் கிசுகிசுத்தான். "எவனா இருந்தாலும் எந்திரிச்சு அங்கிட்டுப் போயிரு. எங்களையும் சேத்து வாங்கிக் கட்டிக்க வைக்காத."

அவள் யாரையும் தேடவில்லை. இடுப்பில் கைக்குழந்தை, கையில் ஒரு தூக்குச்சட்டி. மூச்சிரைக்க நேரே கடைக்கார ஆவுடையப்பனிடம் போனாள்.

"அண்ணே, நண்டு வறுவல் இருக்கா?"

கடையே சிரித்தது. "தொட்டுக்க மட்டும் கேக்குதே ஆத்தா, கள்ளு வேணாமா?" என்றான் ஒரு கிழவன்.

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்ததுமே அவன் முகம் செத்துப்போயிருந்தது. "தீந்துபோச்சே இருளாயி. மணமேல்குடி பஸ்ஸுல இன்னைக்கு ஒரு கூடைதான் வந்துச்சு. கடைசி எலை இப்பத்தான் அந்தா, அவருக்குப் போச்சு."

மூலையில் உட்கார்ந்திருந்த நாகராசு, இலையைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவன் திண்டுக்கல் புகையிலை வியாபாரி. புதுக்கோட்டைக்குப் போய்விட்டு ஆவுடையப்பன் கடை நண்டைத் தின்னாமல் திரும்பியவனை அவன் ஊர்ச் சந்தையில் கேலி செய்வார்கள்.

"என்னைய ஏன் பாக்குறீங்க?" என்றான் நாகராசு. "இதுக்காகவே ராத்திரி இங்க தங்கப்போறேன். போன தடவ வந்தப்ப எனக்குப் பாதி எலைதான் வாச்சுது. அதுலயும் ஒரு கொடுக்குகூட இல்ல. இன்னைக்கு முழு எலையும் எனக்குத்தான்."

இருளாயி அவன் முன்னால் மண்தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு பங்கு காசு தாறேங்க."

"காசு எங்கிட்டயும் இருக்கு தாயி. நண்டுதான் இல்ல."

"எங்கிட்டக் கருவாடு இருக்கு, தரட்டா?" என்றான் கிழவன்.

"அவுக நண்டுதான் கேட்டாக." அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "கருவாட்ட நாளைக்குத் தின்னுக்கலாம்னு சொல்ல முடியாதுங்க. விடிஞ்சா அவுக இருக்க மாட்டாக."

சிரிப்பு நின்றது. கிழவன் மொந்தையைக் கீழே வைத்தான்.

ஆவுடையப்பன் நாகராசுவிடம் குனிந்து சொன்னான். "இவ புருசன் மூக்கன நாளைக்கு விடியக்காலம் தூக்குல போடுறாங்க. போன ஐப்பசியில இவுக ஊருத் தோப்புக்காரர வெட்டிட்டான்னு கேசு. பொழுது சாயிறதுக்குள்ள ஜெயிலுக்குப் போனாத்தான் இவள உள்ள விடுவாங்க."

"வெட்டலண்ணே!" என்று அலறினாள் இருளாயி. குழந்தை வீறிட்டது. "அந்த நேரத்துக்கு அவுக இந்தக் கடையிலதான் இருந்தாக. கோர்ட்டுல தலையால அடிச்சுக்கிட்டுச் சொன்னாக. ஒருத்தரும் நம்பலையே!"

ஆவுடையப்பனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "என்னையும் கூண்டுல ஏத்திக் கேட்டாங்க. வெள்ளாத்துல தண்ணி பெருகி பஸ்ஸெல்லாம் நின்ன நாளு அது. கடை கொள்ளாத கூட்டம், அம்புட்டும் வெளியூர் ஆளுக. எந்த மூஞ்சியன்னு நான் ஞாபகம் வச்சிக்கிறது? பாத்தேன்னு சத்தியம் பண்ண வாய் வரல."

நாகராசு கையிலிருந்த நண்டுத் துண்டை இலையில் போட்டான். "நான் வெளியூர்க்காரன். இந்தச் சமஸ்தானத்துச் சங்கதியெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?" என்று முனகினான்.

"முழுசும் வேணாம் சாமி, கொடுக்கு மட்டும் குடுங்க." இருளாயி முந்தானையை விரித்தாள். "கொடுக்குன்னா அவுகளுக்கு உசுரு. அன்னைக்குக்கூடத் தான் ஒரு கொடுக்கும் திங்காம எனக்குக் கொண்டாந்து குடுத்தாக. அத நானே கோர்ட்டுல சொன்னேன். பொண்டாட்டி வேற எப்படிச் சொல்லுவான்னு சிரிச்சாங்க."

நாகராசுவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அழுகாத தாயி. முழுசும் கொண்டு போ" என்றான். சதைத் துண்டுகளைத் தூக்குச்சட்டிக்குள் தள்ளினான். கொடுக்குகளை மட்டும் தனியே பொறுக்கி, இலையில் ஒரு ஓரத்தைக் கிழித்து, அதில் வைத்து மடிக்கத் தொடங்கினான்.

பாதி மடிப்பில் அவன் கை நின்றது.

கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான். அவள் இடுப்பில் வீறிடும் பச்சைக் குழந்தையைப் பார்த்தான். அவன் மடியிலிருந்த தோள்துண்டு நழுவிக் கள் மொந்தையில் விழுந்தது. அதை அவன் எடுக்கவில்லை.

"ஏந்தாயி..." அவன் எழுந்துவிட்டான். "அந்த பஸ் நின்ன அன்னைக்கு எம் பக்கத்துல உக்காந்து எம் எலையில பாதியத் தின்னுட்டு, கொடுக்கு மட்டும் புள்ளத்தாச்சிப் பொண்டாட்டிக்குன்னு இதே மாதிரி மடிச்சுக்கிட்டுப் போனானே, அவனா மூக்கன்?"