சீந்தில் கொடி

"வேற ஏதாவது குடுத்தீங்களா?"

டாக்டர் மூன்றாவது தடவையாகக் கேட்டார். அவன் வாயைத் திறந்தான். அதற்குள் மனைவி பூங்கொடி முந்திக்கொண்டாள்.

"தண்ணியவே காய்ச்சி ஆறவெச்சுத்தான் குடுக்கறனுங்க. எங்க சின்னம்மா எள்ளுருண்டை கொண்டாந்தாங்க, வாசல்லயே நிக்கவெச்சு அனுப்பிப் போட்டனுங்க. இன்னிக்கு வரைக்கும் என்கூடப் பேசறதில்லீங்க."

பெருமைதான். எட்டு மாதமாக அவளுக்கு இருந்த ஒரே பெருமை.

பாப்பா அவன் தோளில் தூங்கினாள். நான்கு வயது. அவள் வயிற்றுக்குள் இருப்பது பூங்கொடியின் கல்லீரலில் ஒரு துண்டு.

"ரத்தத்துல மருந்து அளவு சரியாத்தான் இருக்கு. ஆனாலும் பாப்பா உடம்பு அந்தக் கல்லீரலை அடிச்சு விரட்டுது. ஏன்னு தெரிஞ்சாத்தான் அடுத்து என்னன்னு முடிவு பண்ண முடியும்."

ஏன் என்று அவனுக்குத் தெரியும்.

உடம்பின் காவலைத் தூங்கவைக்கத்தான் மாத்திரை என்று ஆபரேஷன் முடிந்த அன்றே சொன்னார்கள். பெற்றவள் கொடுத்ததே ஆனாலும் அந்தக் காவலுக்கு அது அந்நியச் சதை.

புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

ஆனால் பத்து நாளைக்கு ஒரு சளி. மாதம் தவறாமல் காய்ச்சல். இழுத்து இழுத்து மூச்சுவிடும் பிள்ளையை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

வேலியோர வேம்பில் சீந்தில் கொடி படர்ந்திருந்தது. கொரோனா சமயத்தில் ஊரே அதை இடித்துக் குடித்தது. எதிர்ப்புச் சக்தி என்றார்கள். பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?

பூங்கொடி குளிக்கப் போகும் நேரம். தினம் அரை டம்ளர். பதினோரு நாள்.

சளி நின்றது. காய்ச்சல் வரவில்லை. மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தான்.

பன்னிரண்டாம் நாள் பாப்பாவின் கண் மஞ்சளித்தது.

"அது பத்தலீன்னா இன்னுங் கொஞ்சம் அறுத்துக்குங்க டாக்டர். எங்கிட்ட மிச்சம் இருக்குதுங்கல்ல?" பூங்கொடி டாக்டரிடம் கேட்டாள்.

"ஒருத்தர்கிட்ட ஒரு தடவைதாம்மா எடுக்கலாம்."

பூங்கொடி சேலைக்கு மேலாகத் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ தப்பு அங்கேதான் என்பதுபோல. தான் கொடுத்ததுதான் சரியில்லை என்பதுபோல.

அதை அவனால் பார்க்க முடியவில்லை.

"நான் குடுத்தனுங்க" என்றான்.

எல்லாம் சொன்னான். கொடியின் பெயர், அளவு, நாள். டாக்டர் போனை எடுத்து யாரையோ அவசரமாகக் கூப்பிட்டார்.

அவள் அடிப்பாள் என்று நின்றான். அடித்தால் தேவலை.

"கசக்குமேங்க" என்றாள். "கசந்தாத் துப்பிருவாளே. எப்படிக் குடிச்சா?"

"நான் மொதல்ல ஒரு மடக்கு குடிச்சுக் காட்டுனன்."

அவள் பாப்பாவை வாங்கக் கை நீட்டினாள்.

தூக்கத்திலும் பாப்பா அவன் சட்டையை விடவில்லை.

பூங்கொடி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.