வயிற்றுவலியும் வயிற்றெரிச்சலும்

ரோண்டாவுக்கு வயிற்றுவலியாம். வேலைக்கு வர முடியாதாம். காலையில் போன் வந்தது.

நவம்பர் பதினைந்தாம் தேதி மிச்சிகனின் வடகோடியில் பாதி ஊருக்கு வயிற்றுவலி வரும். மான் வேட்டை தொடங்கும் நாள். பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை. முதியோர் இல்லத்துச் சமையல்கூடத்துக்கு மட்டும் மானும் கிடையாது, மண்ணும் கிடையாது. மணி அடித்தால் பெரியவர்களுக்குச் சாப்பாடு போயாக வேண்டும்.

ரோண்டாவுக்கு வயிற்றுவலி என்றால் மார்சிக்கு வயிற்றெரிச்சல். இரண்டு பேர் உரிக்கிற உருளைக்கிழங்கை ஒருத்தியாக உரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கும் இன்று காட்டில் இருக்க ஆசைதான். கல்யாணமான நாளிலிருந்து வேட்டையின் முதல் நாள் புருஷன் ஆர்னி பக்கத்தில், மானுக்காக ஒளிந்து காத்திருக்கும் மரக்கூண்டுக்குள், ஒரே பிளாஸ்க் காபியோடு உட்கார்ந்தவள். இந்த வருஷம் ஆர்னிக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன். ஏப்ரல் மாதம் முழுக்க அவன் படுக்கை பக்கத்திலேயே கிடந்தாள். சொந்த லீவு தீர்ந்தபின், யாரோ பேர் சொல்லாமல் தங்கள் லீவை அவள் கணக்குக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். நர்ஸ் பெவர்லியாகத்தான் இருக்கும் என்று மார்சி ஒரு ஆப்பிள் பை சுட்டுக்கொண்டு போனாள். பெவர்லியும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

அந்த லீவும் தீர்ந்தது. இன்று ஆர்னி தன் தம்பியோடு காட்டுக்குப் போயிருக்கிறான். மார்சி கிழங்கோடு இருக்கிறாள்.

ரொட்டி வண்டி ஓட்டும் டக், பெட்டிகளை இறக்கிவிட்டுத் தன் போனை நீட்டினான்.

"உங்க ரோண்டா அமர்க்களப்படுத்திட்டா, பாத்தியா?"

கடைத்தெருவில் கம்பம் நட்டு, அன்று காலை சுட்ட மான்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில், ஆரஞ்சு கோட்டும் காதுவரை சிரிப்புமாக ரோண்டா. பக்கத்தில் அவள் சுட்ட மான். கொம்பு எட்டுக் கிளை.

"வயித்துவலிக்காரி மாதிரியா இருக்கா?" என்றாள் மார்சி.

"விடு மார்சி. இன்னைக்கு யாருக்குத்தான் வயித்துவலி இல்ல? எனக்கே லேசா இழுத்துப் பிடிக்குது. இந்த ரொட்டிய முடிச்சுட்டு நேரா காடுதான்."

"நீ போ. எல்லாரும் போங்க. கிழங்கு உரிக்கத்தான் நான் பொறந்திருக்கேன்."

"அந்தப் படத்தை எனக்கு அனுப்பிட்டுப் போ" என்றும் சொன்னாள்.

கோடையில் ரோண்டா சொன்னது நினைவுக்கு வந்தது. "லீவா? எனக்கு அதெல்லாம் எப்பவோ தீர்ந்துபோச்சுடி." சொல்லிவிட்டு என்னவோ பெரிய சாதனை மாதிரி சிரித்தாள். நான் ஆர்னியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊர் சுற்றித் தீர்த்திருப்பாள், வேறென்ன என்று மார்சி அப்போதே நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை பொய் சொல்லி மட்டம் போட்டு, இரண்டுக்கும் எச்சரிக்கை வாங்கியிருக்கிறாள். மூன்றாவது என்றால் வேலை போய்விடும். அது மார்சிக்கும் தெரியும்.

தெரிந்துதான், சாப்பாட்டு வண்டியை அனுப்பிய கையோடு மேனேஜர் கோர்டன் அறைக்குப் போனாள்.

"கோர்டன், இதைப் பாருங்க."

கோர்டன் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னோட கண்ணாடிய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்."

"மூக்கு மேலதான் இருக்கு."

அவர் பெருமூச்சு விட்டார். "இங்க பாரும்மா. நான் அந்தக் கடைத்தெரு வழியாத்தான் வந்தேன். எனக்கு ஒண்ணும் கண்ணு தெரியலைன்னு வச்சுக்க. யாரும் புகார் சொல்லாத வரைக்கும் தெரியாது. புகார்னு வந்துட்டா நான் எழுதித்தான் ஆகணும். இப்ப நீ புகார் சொல்றியா, இல்ல சும்மா போட்டோ காட்டுறியா?"

மார்சி ஒரு கணம் தயங்கினாள். போட்டோவில் ரோண்டாவின் அந்தச் சிரிப்பு கண்ணில் உறுத்தியது.

"புகார்தான். நானும் மனுஷிதானே? ஆர்னி பொழச்சு வந்து முதல் வேட்டை இது. அவர் பக்கத்துல இருக்கணும்னு எனக்கு ஆசையில்லையா? லீவு இல்லைன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறேன். அவ மட்டும் சொகுசா மான் சுடுவா, நான் அவ வேலையையும் சேர்த்துச் செய்யணுமா?"

"அவளுக்கும் லீவு இல்லம்மா."

"ஏன் இல்ல? வருஷம் பாதிகூட ஆகறதுக்குள்ள எல்லாத்தையும் ஊதித் தள்ளினா இப்படித்தான். அதுக்கு நான் பொறுப்பா?"

கோர்டன் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

"அவ இந்த வருஷம் தன் லீவுல ஒரு நாளைக்கூடத் தனக்குன்னு எடுக்கல. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. வேலையே போகப்போகுது, இனிமே சத்தியத்தை வச்சு நான் என்ன செய்ய?"

மார்சியின் கையிலிருந்த போனை மெதுவாக வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"ஏப்ரல்ல ஆர்னி பக்கத்துல நீ உக்காந்திருந்தியே, அது ரோண்டாவோட லீவும்மா."