பட்டியலில் இல்லாத உறவு

தான் எழுதிய மென்பொருள் எப்படி ஓடுகிறதென்று பார்க்க வந்தவள், மருத்துவமனைச் சேர்க்கை மேஜையில் எழுத்தரின் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள். காலை வெயில் திரையில் பட்டுக் கூசுகிறது. எதிரே நரைத்த தலையோடு ஒருத்தி, உள்ளே கொண்டுபோன நோயாளியின் மூக்குக்கண்ணாடியைக் கையில் பொத்திப் பிடித்திருக்கிறாள். “அவங்களுக்கு நீங்க என்ன உறவும்மா?” என்கிறார் எழுத்தர். “உறவெல்லாம் இல்லங்க. முப்பது வருஷமா ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கோம்.” அவர் அம்புக்குறியைத் தட்டியதும் பட்டியல் கீழே விரிகிறது: கணவர், மனைவி, மகன், மகள், சகோதரி. சுட்டி ஒவ்வொன்றின் மேலும் நின்று நின்று நகர்கிறது. “இதுல ஒண்ணத் தொட்டாத்தான் உள்ள போக சீட்டு வரும். சகோதரின்னு போட்டுடவா?” “அவளுக்காகப் பொய் சொன்னா அவளே திட்டுவா,” என்கிறாள் நரைத்தவள். மென்பொருள்காரிக்கு முகம் சுண்டிப்போகிறது. மென்பொருள் எழுதிய அன்று டீ ஆறுவதற்குள் அவள் தட்டிப்போட்ட ஐந்து சொற்கள் அவை. “கொஞ்சம் எந்திரிங்க சார்,” என்று நாற்காலியில் உட்கார்ந்து, பட்டியலின் அடியில் புதிய வரியொன்றைத் திறக்கிறாள். “என்னன்னு எழுதட்டும்மா?” நரைத்தவள் திரைப்பக்கம் எட்டிப் பார்க்கிறாள். “கூட இருக்கிறவள்னு எழுதும்மா.” விசைகள் படபடக்கின்றன. அச்சுப்பொறி துப்பிய சீட்டை மை காயுமுன் வாங்கிக்கொண்டு, நரைத்தவள் ஓட்டமும் நடையுமாக வார்டுக்குள் போகிறாள்.