முட்டியில் இடமில்லை

“எங்க வலிக்குது?”

இந்தக் கேள்விக்கு நான் தயாராகி வரவில்லை.

வலிக்கிறது என்று சொல்வதற்குத்தான் ஒத்திகை பார்த்திருந்தேன். மாடிப்படியில் பாதியில் நின்று ஒரு பெருமூச்சு, நாற்காலியிலிருந்து எழும்போது ஒரு ‘அம்மாடி’, எல்லாம் கைவசம் இருந்தது. முட்டிக்குள் விலாசம் கேட்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

நகராத சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்தேன். என்னுடையதுதான். ஸ்டாண்டில் பூட்டியிருந்தார்கள். என் இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றிலும் அளவுக்காக வட்டவட்டமாக ஸ்டிக்கர். ஓட்டுகிறவர் உடம்புக்கேற்ப சைக்கிளை அளந்து சரிசெய்பவர் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கேட்டதையெல்லாம் முட்டியிடம்தான் கேட்டார்.

“முன்பக்கம்” என்றேன், முட்டியின் சார்பில்.

“அப்ப சீட் தணிவா இருக்கு.” உயர்த்தினார். “மிதிங்க. இப்ப?”

பக்கத்து ஸ்டூலில் என் மாமனார்; அவர் சைக்கிள் கடை வாசலில். உள்ளே ஆபரேஷன் நடக்கும்போது வெளியே காத்திருப்பவர்போல, என் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இருட்டு விலகுமுன் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் மணி அடிப்பவர் இவர்தான்.

“அப்பாவுக்கு உங்களோட ஓட்டறதுன்னா உயிர். முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க” என்று மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால் கல்யாணமானதிலிருந்து எந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் தூங்கி எழுந்ததில்லை. எழுப்பப்பட்டிருக்கிறேன்.

முட்டிதான் என் கடைசி நம்பிக்கை. இந்தக் கால் இனி சைக்கிளுக்கு ஆகாது என்று விஷயம் தெரிந்த ஒருவர் மாமனார் காதுபடச் சொல்லிவிட்டால் போதும். மீதி ஆயுளின் ஞாயிறுகள் அத்தனையும் போர்வைக்குள் பத்திரம்.

டாக்டரிடம் போகலாம் என்றுதான் சொன்னேன். “தப்பு முட்டியில இல்ல, சைக்கிள்ல” என்று மனைவி அன்றைக்கே இந்தக் கடையைத் தேடிப் பிடித்து நேரமும் வாங்கிவிட்டாள். அவ்வளவு அக்கறை.

“இப்ப பின்பக்கம் வலிக்குது” என்றேன்.

“அப்ப சீட் கொஞ்சம் ஏறிடுச்சு.” ஒரு நூல் இறக்கினார்.

“உள்பக்கமா ஒரு மாதிரி…”

“பாதம் கோணலா நிக்குது சார்.” ஷூவின் அடியில் பெடலைக் கவ்வும் துண்டைத் தளர்த்தி, துளி திருப்பி முடுக்கினார்.

வெளிப்பக்கம் என்றேன். அதையும் திருப்பினார். பிறகு, கொத்தனார் சுவருக்குப் பிடிப்பதுபோல என் முட்டியிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, சீட்டை ஒரு இழை முன்னுக்குத் தள்ளினார்.

என் கையிருப்பு தீர்ந்துகொண்டே வந்தது. முன், பின், உள், வெளி. மனித முட்டிக்கு மொத்தமே அவ்வளவுதான் பக்கம். படைத்தவன் இன்னும் ஒன்றிரண்டு சேர்த்து வைத்திருக்கலாம்.

“நடுவுல” என்றேன்.

அவர் முதல்முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

“சும்மா மிதிங்க சார்.”

மிதித்தேன்.

வெட்கக்கேடு என்னவென்றால், சுகமாக இருந்தது. பெடல் கீழே போகும்போது கால் விறைக்கவில்லை, மேலே வரும்போது முட்டி வயிற்றில் இடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு சுற்றியது. இது என் கால்தானா என்று ஒருதரம் குனிந்து பார்த்துக்கொண்டேன். முகத்தைச் சுளிக்கலாம் என்றால் முகம் ஒத்துழைக்கவில்லை.

“பிரமாதம் மாப்பிள்ளை” என்றார் மாமனார். குரலில் ஏனோ சுரத்தே இல்லை.

“நீங்க இறங்குங்க. சார் ஏறட்டும்” என்று கீழே இருந்தவர் மாமனாரைக் காட்டினார்.

“நானா? எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்!” மாமனார் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தார்.

“நேத்து தனியா வந்தீங்களே சார். முட்டி நாலு பக்கமும் வலிக்குது, இனிமே ஓட்டவே கூடாதுன்னு மாப்பிள்ளை முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்கன்னு.”

ஹெல்மெட் மடியிலிருந்து உருண்டு விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

“மாமா… உங்களுக்கு சைக்கிள் பிடிக்காதா?”

“இந்த வயசுல எனக்கெதுக்கு மாப்பிள்ளை இந்த வேலை? நீங்க தனியா ஓட்டப் பயப்படறீங்க, வெளிய சொல்லக் கூச்சப்படறீங்கன்னு உங்க அத்தைதான்…”

“என்கிட்ட உங்க பொண்ணு, உங்களுக்கு உயிர்னு…”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் மாமனார்தான் சிரித்தார். அவ்வளவு வாய்விட்டு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் ஸ்டிக்கரோடு ஸ்டிக்கராகச் சிரித்தேன். இரண்டு வீடுகளில் இரண்டு போர்வைகள் என் கண்முன்னே விரிந்தன.

“அப்ப சார் சைக்கிளையும் மாட்டிடவா?” என்றார் கீழே இருந்தவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“அதான் பேசியாச்சே தம்பி. இனிமே யாரும் ஓட்டப் போறதில்ல.”

“அப்படி விட முடியாது சார். போன வாரமே உங்க வீட்டு அம்மாவும் பொண்ணும் சேர்ந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க. ரெண்டு பேரும் கிளம்பின வேகத்துல திரும்பி வந்து, அவங்கவங்க வீட்டுல முட்டியப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடறாங்களாம். மத்தியானம் வரைக்குமாவது வீட்டுப் பக்கம் வராத மாதிரி பண்ணிக் கொடுக்கணும்னாங்க.”

என் சீட்டை ஒருதரம் அசைத்துப் பார்த்து, திருப்தியாகத் தட்டினார்.

“சாயங்காலம் வரைக்கும் தாங்கும்.”