மாடியில் மூன்று மாதம்

நாலு டிரம்மும் காலி.

அவள் கடைசி டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவினாள். அடியில் ஈரம்கூட இல்லை. யாரோ கழுவித் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

பத்து மணிக்குப் பேப்பர் மெஷின் அவளுக்கு. இப்போது ஒன்பதே கால்.

மூன்று மாதம் அரைத்தது. மரக்கூழை அரைத்து, அரைத்ததையே மறுபடி அரைத்து, கண்ணுக்குத் தெரியாத இழையாக்கியது. பார்க்க ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி இருக்கும். நூற்றில் மூன்று பங்குதான் இழை, மீதி தண்ணீர். அந்த மூன்று பங்குதான் இந்த ஆலையின் பேப்பரைக் காப்பாற்ற வேண்டும்.

பழைய அட்டையைக் கரைத்துக் கரைத்துச் செய்கிற பேப்பர். ஒவ்வொரு தடவையும் நார் குட்டையாகிறது. போன சீசனில் இந்தப் பேப்பரில் செய்த மாம்பழப் பெட்டிகள் லாரியிலேயே நசுங்கி, சாறு ஒழுகத் திரும்பி வந்தன.

ஒரு மணி நேரம் மெஷினைத் தருகிறேன் என்றார் முதலாளி. கஞ்சியைக் கலந்து ஓட்டிக் காட்டுங்கள். தேறாவிட்டால் உங்கள் லேபை மூடிவிடலாம்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் செங்கோடன் மாடிப்படியில் இறங்கி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"அம்மிணி, மேல வந்து பாருங்க. நாலையும் காய வெச்சுட்டேன்."

மொட்டைமாடி முழுக்க லாரித் தார்ப்பாய். அதன்மேல், வெயிலில், பாளம் பாளமாக, கண்ணாடித் தாள் மாதிரி, அவளுடைய மூன்று மாதம்.

"ரெண்டு நாள் லீவு. கஞ்சியாட்டம் கெடந்தா புளிச்சுப் போயிருமில்லீங்? எங்கூட்ல வத்தலுக்கு ஊத்தறாப்பல ஊத்தி உட்டேன். காக்கா வராம நேத்துப் பூரா நாந்தான் காவல்."

அவள் குனிந்து ஒரு பாளத்தை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"தண்ணீல போட்டா பழையபடி ஆயிருமுங்" என்றார், அவள் முகத்தைப் பார்த்து.

ஆகாது. காயும்போது அந்த இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிடித்தால் பிடித்ததுதான். ஊற வைத்தாலும் விடாது. கொதிக்க வைத்தாலும் விடாது.

காய வைக்காதே என்று எழுத வேண்டுமானால், காய வைப்பார்கள் என்று முதலில் தோன்ற வேண்டும். கீழே கொட்டாதே என்று மட்டும்தான் எழுதி ஒட்டியிருந்தாள்.

முதலாளி மூச்சிரைக்க மாடியேறி வந்தார். பின்னால் எலெக்ட்ரீஷியன், வாட்ச்மேன்.

"எங்கேம்மா உங்க கஞ்சி?"

அவள் ஒரு பாளத்தை உரித்து நீட்டினாள். வேறென்ன செய்ய?

அவர் இழுத்தார். கையில் சுற்றிக்கொண்டு இழுத்தார். முகம் சிவந்தது. அது அறவில்லை.

"அடேங்கப்பா!"

"சார், இது இனிமே பேப்பர்ல கலக்காது. அத்தனையும் வீண்."

"ஏன் கலக்கோணும்? இதேதான் பேப்பரு."

"மூணு மாசம் அரைச்சா இவ்வளவுதான் சார் வரும். ஒரு நாள் ஆர்டருக்குக்கூடக் காணாது."

அவர் பாளத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு காய வெச்சது?"

செங்கோடன் பாதிக் கையைத் தூக்கினார். அவரைக் காட்டிக்கொடுக்காமல் எப்படிச் சொல்வது என்று அவள் இத்தனை நேரமும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே எல்லாத்தையும் இவரே காய வெக்கட்டும்" என்றார் முதலாளி.

செங்கோடனின் கை முழுசாக உயர்ந்தது.

"சார், டிரையல்..."

"அதான் பாத்தாச்சில்ல?"

பாளம் வாட்ச்மேன் கைக்குப் போனது. அவர் பல்லைக் கடித்து இழுத்தார். எலெக்ட்ரீஷியன் ஒரு முனையைப் பிடித்தார். பந்தயம் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு பேர் சறுக்கினார்கள். சிரிப்பு.

கீழே சைரன் அடித்தது.

மெஷினில் ஓடும் பேப்பர் அறுந்தால் மட்டும் அடிக்கும் சைரன். காலையிலிருந்து மூன்றாவது தடவை.

யாரும் திரும்பவில்லை.

"செங்கோடா, நீ ஒருக்கா இழு பாக்கலாம்" என்றார் முதலாளி.

அவள் மட்டும் படியிறங்கினாள்.