சாயம் ஏறும் முன்

தடதடவென்று மண்டைக்குள் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்த ஸ்கேன் இயந்திரம் சட்டென்று ஓய்கிறது. பலகை வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. வெள்ளை வெளிச்சத்தில் கண் கூச, பெரியவர் அசையாமல் படுத்திருக்கிறார். நர்ஸ் சிரிஞ்சோடு குனிந்து அவர் கையில் நரம்பைத் தேடுகிறாள். சிரிஞ்சுக்குள் இருப்பது வெறும் தண்ணீர் மாதிரிதான் தெரிகிறது.

"என்னம்மா இது?"

"சாயம் ஐயா. இதுல ஒரு உலோகம் இருக்கு, படம் பளிச்சுனு விழும். கிட்னி நல்லா இருந்தா சிறுநீர்ல போயிடும். கெட்டுப்போயிருந்தா உடம்புலயே தங்கி வம்பு பண்ணும். உங்களுக்கென்ன, ரத்த ரிப்போர்ட் பாத்தேன். வாலிபப் பையன் கிட்னி."

எத்தனையோ வருஷத்துச் சர்க்கரை பெரியவருக்கு. இன்று காலையில்கூடச் செருப்புக்குள் நுழைய மறுத்தது வீங்கிய கால். கண்ணாடிக்கு அப்பால் அவருடைய தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறான். ஸ்பிரிட் பஞ்சு சில்லென்று தோலில் படுகிறது. ஊசி இறங்குவதற்குள் அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார்.

"பயப்படாதீங்க ஐயா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

"அந்த எறும்புக்குப் பயந்துதாம்மா, டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்க என் பேர்ல தம்பிய அனுப்பி வச்சேன்."